சுருளை நிமிர்த்திய சனிக்கிழமை

முடிக்கு வலிக்காது, மேடம். நிறையப் பேருக்கு இது தெரியாது. தலையைவிட்டு வெளியே வந்த முடி, நகம் மாதிரி செத்த பொருள். வெட்டினாலும் வலிக்காது, சூடு வைத்தாலும் வலிக்காது. வலிப்பதெல்லாம் அடியில் இருக்கும் தோலுக்குத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால், நான் சொல்லப்போவது உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

நான் ஸ்டேஷனுக்கு வந்தது நீங்கள் எழுதியதைத் திருத்தத்தான். "வீட்டில் முடியை நேராக்கும்போது கவனக்குறைவால் ஏற்பட்ட காயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பிரிஜா என்ற என் பெயருக்குப் பக்கத்தில் கவனக்குறைவு என்ற சொல் வருவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நாகர்கோவிலில் பதினொரு வருடம் பார்லரில் நின்றவள் நான். அதற்குப் பிறகு ஆறு வருடமாக, மணவாளக்குறிச்சியில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே நாற்காலி போட்டுச் செய்கிறேன். என் கையில் ஒருத்திக்குக் காதோரம்கூடச் சிவந்ததில்லை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மூளை கிடையாது. "எதாவது செஞ்சு விடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து போனைப் பார்ப்பார்கள். தலையில் என்ன போடுகிறேன் என்று ஒருத்தியும் கேட்டதில்லை.

காயம்பட்ட சிந்தியா, என் தம்பி ரிஜோவுக்கு நிச்சயித்த பெண். குளச்சல் பக்கம். அவன் தோஹாவில் ஏசி மெக்கானிக், கல்யாணத்துக்கு லீவில் வந்திருக்கிறான். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதபோது அவனுக்கு நாலு வயது, எனக்குப் பதிமூன்று. அம்மா அதற்குப் பிறகு கட்டிலைவிட்டு அதிகம் எழுந்ததில்லை. அவனைக் குளிப்பாட்டி, சோறு கொடுத்து, பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் நான்தான். பரிதாபப்பட வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. அவன் புத்தி எப்படி ஓடும் என்பது எனக்கு எந்த அளவுக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சிந்தியாவின் முடியை நீங்கள் பார்த்ததில்லை. அது ஒரு புதர். சீப்பு உள்ளே போனால் திரும்பி வராது. மழை நாளில் இரண்டு மடங்காக உப்பிக்கொள்ளும். பஸ்ஸில் அவளுக்குப் பின்னால் உட்காருகிறவனுக்கு ரோடு தெரியாது. ஒரு ஞானஸ்நான வீட்டில் ரிஜோ அதைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தான்.

"யக்கா, எனக்குப் பெண்ணு கெடச்சாச்சி."

"மொகத்தப் பாத்தியா?"

"இனிதான் பாக்கணும்."

இதைக் கவனியுங்கள், மேடம். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கூடை செத்த பொருளைப் பார்த்துவிட்டு, வாழ்நாள் முழுவதற்கும் ஒருவன் முடிவெடுக்கிறான். அவளும் அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு, ஏதோ தான் சம்பாதித்தது போல நடப்பாள்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச் சாமியார் பூசையில் அறிவிப்பார். முதல் ஓலை வாசித்த பிறகு பெண்ணை வீட்டைவிட்டு அதிகம் வெளியே விடமாட்டார்கள். ஆனால் இரண்டு ஓலை முடிந்த வாரம் சிந்தியா எனக்கு போன் செய்தாள்.

"மயினி, கிரீடமும் முக்காட்டு நெட்டும் தலையில நிக்கவே மாட்டேங்குது. தையக்காரி கெடந்து சிரிக்கா. நேராக்கித் தருவியளா?"

"ரிஜோ என்ன சொல்லுதான்?"

"அவிய இதத் தொடவே கூடாதுன்னு சொல்லியிருக்காவ. சொல்லாண்டாம் மயினி. கோயில்ல வச்சி பாத்து மயங்கி விழட்டு."

பிளவுஸ் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் தனியாக வருவதாகச் சொன்னாள். சரி என்றேன். பிறகு ஒன்று சொன்னேன்: "காலைல நல்லா தாளி தேச்சி குளிச்சிட்டு வா மக்கா. தலையில எண்ணெப் பிசுக்கு ஒரு பொட்டு இருக்கக் கூடாது."

செம்பருத்தி இலைத் தாளி எண்ணெயை எடுப்பதில் சோப்பைவிட நல்லது. அந்த வாக்கியத்தை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு முடியை ஏணி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே குறுக்குச் சட்டங்கள் இருக்கின்றன. சுருள் முடியில் அவை கோணலாகப் பிடித்திருக்கும், அதனால்தான் ஏணி முறுக்கிக்கொண்டு நிற்கிறது. இஸ்திரி போடுவது போன்ற அந்தச் சூட்டுக் கருவி, லேசான சட்டங்களை மட்டும் கழற்றும். தண்ணீர் பட்டால் அவை திரும்ப மாட்டிக்கொள்ளும். பலமான சட்டங்களை உடைக்கக் காரமான கிரீம் வேண்டும். கிரீமைப் போட்டு, வாரி நிமிர்த்தி, நேரத்துக்குக் கழுவி, காரத்தை முறிக்கும் இன்னொன்றைப் போட வேண்டும். அழகான வேலை, மேடம். எத்தனை தடவை செய்தாலும் எனக்குச் சலித்ததில்லை.

ஆனால் அந்த கிரீமுக்கு முடி எது, தோல் எது என்று தெரியாது. தோலைக் காப்பது அதில் ஊறியிருக்கும் எண்ணெய்தான். காரம் முதலில் எண்ணெயோடு சண்டை போட்டுத் தன் பலத்தைக் கொஞ்சம் இழக்கும். அதனால்தான் மூன்று நாள் தலைக்குக் குளிக்காமல் வரச் சொல்வோம். நம் ஊரில் எல்லோரும் தினமும் தலை முழுகுகிறவர்கள், அதனால் போன் செய்து இரண்டு தடவை ஞாபகப்படுத்துவேன். கவனக்குறைவான ஒருத்தி இதைச் சொல்ல மறந்திருப்பாள். நான் மறக்கவில்லை. தேய்த்துக் குளித்துவிட்டு வரச் சொன்னேன்.

வந்தாள். ரிஜோ கோட்டு எடுக்க நாகர்கோவில் போயிருந்தான். அம்மா உள்ளறையில் படுத்திருந்தாள். பல் நெருங்கிய சீப்பால் சிந்தியாவின் தலையைத் தோலோடு சேர்த்து நன்றாக வாரினேன். தோலைக் காக்க முதலில் பூசும் வாசலினைத் தடவவில்லை. தோலில் படாமல் போட வேண்டிய கிரீமை வேரிலிருந்தே போட்டேன்.

ஐந்து நிமிடத்தில் "சூடா இருக்கு மயினி" என்றாள்.

"அப்பிடித்தான் இருக்கும்."

"எரியுது."

"கலியாணப் பெண்ணுக்கு இதுகூடத் தாங்காதா? கொஞ்சம் பொறு மக்கா."

அவள் சிரித்தாள். "பிள்ள பெறும்போ இதவிட வலிக்குமாம், அம்மா சொல்லுவா" என்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அளவுக்கு முட்டாள். எரிகிறது என்றால் எழுந்து ஓட வேண்டியதுதானே. மயினிக்குத் தெரியாததா என்று உட்கார்ந்திருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முடிந்தது. பிறகு அதே அளவு நேரம் இன்னொரு தடவை முடிந்தது.

அம்மா உள்ளேயிருந்து, "ஏட்டி பிரிஜா, அந்தப் பிள்ள அழுகுல்லா?" என்றாள். நான் உள்ளறைக் கதவைச் சாத்தினேன்.

கடைசியில் அவளே எழுந்து குளியலறைக்கு ஓடினாள். குழாயில் தண்ணீர் வரவில்லை. கரண்ட் இல்லாததால் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். யாராவது மாடிக்குப் போய்ப் பார்த்தார்களா? தொட்டி நிறைந்திருந்தது. அவள் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பு மாடியில் வால்வை மூடியது நான். வாளியையும் கவிழ்த்து வைத்திருந்தேன்.

அவள் குனிந்து தண்ணீரைத் தேடித் தடவிக்கொண்டிருந்ததில் கிரீம் இடது கண்ணுக்குள் இறங்கிவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணை மட்டும் வேண்டுமானால் கவனக்குறைவு என்று எழுதிக்கொள்ளுங்கள். முடி கைக்கு ஒரு கொத்தாக வந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஜெனித் அவளை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனான்.

ஏன் என்று கேட்கிறீர்கள். கோபம் என்று எழுதிவிடாதீர்கள். பொறாமையும் இல்லை, என் முடி நேரானது, எனக்கு அது போதும். ரிஜோ விரும்பியது அவளையா, அந்தப் புதரையா என்று யாராவது ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டுதானே இருந்தார். வாயால் சொன்னால் அவன் நம்பமாட்டான். கழித்துக் காட்டினால் புரியும். ஒரு பொருளிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டு மிச்சம் நிற்கிறதா என்று பார்ப்பது எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான்.

முடிவு உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வார்டு வாசலில் நின்று நானே கேட்டேன். தலை முழுக்கக் கட்டுப் போட்டிருந்தவளிடம் ரிஜோ, "முடி போனா போட்டு. ஒரு கண்ணுல என்னத் தெரியுதுல்லா, அது போரும்" என்றான். மறுநாள் மூன்றாம் ஓலையையும் வாசித்தார்கள். கோயிலில் யாரும் எழுந்து நிற்கவில்லை. அவள் கட்டுப் பிரித்ததும் கல்யாணம் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆக, நிற்கிறது. இனி ஆயுளுக்கும் அவளுக்கு அந்தச் சந்தேகம் வராது. இதற்காக யாரும் எனக்கு நன்றி சொல்லப்போவதில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அவன் அவளை விட்டுவிட்டு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான், மேடம். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பு, தரையைக் கழுவித் துடைத்துவிட்டு, டிராவல்ஸுக்கு மட்டும் போன் செய்தேன். கல்யாணம் முடிந்து அவளையும் தோஹாவுக்குக் கூட்டிப்போக ரிஜோ இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். இரண்டாவது டிக்கெட்டில் பெயரை மாற்ற முடியுமா என்று கேட்டேன். என்ன பெயர் என்றார்கள். பிரிஜா என்று சொன்னேன். டிக்கெட் வீணாகப் போக வேண்டாமே என்றுதான்.