பக்கத்துப் பட்டறைச் சத்தம்

— தள்ளிட்டாங்க கிருஷ்ணப்பண்ணா. நம்ம மனுவத் தள்ளிட்டாங்க.

— ஏனப்பா பாக்யா? தொழில் மந்தத்துல மாட்டுன பட்டறைக்கெல்லாம் வட்டியில்லாக் கடன்னு சர்க்கார்தானே சொல்லிச்சு?

— சொல்லிச்சு. ஆனா கரண்ட் பில்லக் கேக்கறாங்க. போன வருசத்துக்குப் பாதியாக் கொறஞ்சிருந்தாத்தான் மந்தமாம். எனக்கு நூறு யூனிட்டுகூடக் கொறையல.

— கொறையலன்னா லேத்து ஓடுதுன்னுதானே அர்த்தம்? ஓடுற லேத்துக்கு எதுக்கப்பா நிவாரணம்? ஆபீஸ்ல இருக்கறவன் வேற எப்படிப் பாப்பான்?

— அத வுடுங்கண்ணா. நான் வேற விசயமா வந்தேன். எங்க மேரிராணிய நீங்க சேத்துக்கணும்.

— பதினோரு வருசமா உன் லேத்த ஓட்டுற பொண்ணையா? ஏன், உனக்கு என்ன வந்துச்சு?

— நாளையோட பூட்டறேன். அதோட வூட்டுக்காரருக்கும் அத்திப்பள்ளியில வேலை போச்சு. ரெண்டு புள்ளைங்க. இதுவும் வூட்டுல உக்காந்தா அடுப்பு எரியாது. நம்ம தெருவுல வேலை இருக்கறது உங்ககிட்ட மட்டுந்தான்.

— எங்கிட்டயா?

— மறைக்காதீங்கண்ணா. செவுத்துக்கு அந்தாண்ட நாள் பூராம் சத்தம் கேக்குது. வெறுமனே சுத்துற சத்தம் எனக்குத் தெரியாதா? இரும்பு சீவுற சத்தம் அது.

— உக்காரு. டீ சொல்றேன்.

— டீ வேணாம். சேத்துக்கறேன்னு ஒரு வார்த்த போதும்.

— ஆய்த்து, சரி, சொல்லிடறேன். எனக்கு ஆர்டர் நின்னு நாலு மாசமாச்சுப்பா. எங்க ஆபரேட்டர் மாதேஸ்வரிகிட்ட பழைய இரும்பு ராடுங்களக் குடுத்து, சும்மா சீவிக்கிட்டே இரு தாயின்னு சொல்லி வச்சிருக்கேன்.

— என்னாத்துக்குண்ணா?

— உன் லேத்து ஓடுதே! என்னுது மட்டும் நின்னா, கிருஷ்ணப்பன் படுத்துட்டான்னு பேசுவாங்க. அப்பறம் வர்ற ஆர்டரும் உன் பக்கம் திரும்பிரும். அந்தப் பயம்தான்.

— மாதாவே! அண்ணா, நானும் பழைய ராடத்தான் சீவிக்கிட்டிருக்கேன்.

— என்னாது?

— உங்க சத்தத்தக் கேட்டுக் கேட்டுத்தான். அண்ணனுக்கு ஆர்டர் வருது, நாம மட்டும் தோத்துட்டோம்னு தெரியக் கூடாதுன்னு. வெளிய மூச்சு வுடாதன்னு மேரிராணிகிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன்.

— அட பைத்தியக்காரா!

— நீங்க மட்டும்?

— நானும்தான்பா. கரண்ட்ட எரிச்சு, மந்தமே இல்லன்னு நாமளே சர்க்காருக்குச் சாட்சி சொல்லியிருக்கோம். சொந்தச் செலவுல சூனியம்!

— நான் வெளிநாட்டுக்காரனத் திட்டிக்கிட்டிருந்தேன். அவன் வரி ஏத்துனான், வண்டிக் கம்பெனிக்கு ஏற்றுமதி நின்னு போச்சுன்னு.

— அதுவும் நெசந்தான். ஒண்ணு கேக்கறேன், உன் மக ஃபெபாவுக்கு ஸ்கூட்டர் வாங்கறேன்னியே, வாங்குனியா?

— இந்த நெலமையில எப்படிண்ணா? தள்ளிப் போட்டேன்.

— என் மருமக கேட்டதுக்கு நானும் அதத்தான் சொன்னேன். அந்த வண்டிக்குள்ளதான்யா நாம கடையற பின்னு போவுது. ஒசூர் பூராவும் தள்ளிப் போட்டா கம்பெனிக்காரன் யாருக்குச் செய்வான்? நமக்கு எதுக்கு ஆர்டர் குடுப்பான்?

— வெக்கமா இருக்குதுண்ணா. மேரிராணி மொகத்துல எப்படி முழிப்பேன்?

— அதுதான் வாசல்லயே நிக்குதே. வாம்மா மேரி. நாங்க பேசுனதக் கேட்டுட்டியா?

— கேட்டேன் சார்.

— மன்னிச்சுரு மேரி. உனக்கு வேலை கேக்கத்தான் வந்தேன். அண்ணன்கிட்டயும் ஆர்டர் இல்ல. அங்கயும் பழைய ராடுதானாம்.

— தெரியும் பாக்யராஜ் சார். அவங்க ராடு தீந்தே மூணு வாரமாச்சு. மாதேஸ்வரி வந்து அழுதா. அன்னைலேருந்து நம்ம ராடத்தான் செவுத்துக்கு மேலால அவகிட்ட எடுத்துக் குடுத்துக்கிட்டிருக்கேன். அந்தப் பக்கம் சத்தம் நின்னா, இந்தப் பக்கம் நீங்களும் பூட்டிருவீங்கல்ல?