துலா மேல் நித்திரை

மீனாம்பிகை: ரெண்டு மணிக்கு நீதவான்ரை கோடு கூடுது, டொக்டர் ஐயா. இப்பவே பன்னிரண்டு அடிச்சிட்டுது...

டொக்டர் ஜெபரட்ணம்: அதுக்கு நான் என்ன செய்ய? பாக்காத ஆளுக்கு வருத்தமெண்டு எப்பிடித் துண்டு எழுதிறது?

மீனாம்பிகை: ...பாக்காத ஆள். சரி. நான் சொல்லுறன், கேட்டிட்டு எழுதுங்கோ.

டொக்டர்: கெதியாச் சொல்லும். வெளியிலை இருபது பேர் நிக்கினம். உம்மடை மனிசன் முருகேசு தண்ணி இறைக்கத் துலாவிலை ஏறி மிதிக்கேக்கை விழுந்தவர், அதுதானே?

மீனாம்பிகை: ஓம். எங்கடை பங்குக் கிணத்திலை. இவர் மேலை மிதிச்சவர். என்ரை அண்ணை தம்பிராசா கிணத்தடியிலை நிண்டு தண்ணிப் பட்டை பிடிச்சவர். இவர் நித்திரையாகி விழ, கிணத்துப் பக்கம் துலா தாழ்ந்து... பட்டை கட்டின கொடியோடை அண்ணையைக் கிணத்துக்கை இழுத்துப் போட்டுது.

டொக்டர்: ஐயோ... உம்மடை கூடப்பிறந்தவரோ?

மீனாம்பிகை: ஒரே ஒரு அண்ணை. செத்தவீடு முடிய முந்தி அண்ணையின்ரை பெண்சாதி, என்ரை மச்சாள், ஊர் விதானையாரிட்டை முறைப்பாட்டுக்குப் போயிட்டா. வேலிக் கதியால் எல்லைச் சண்டையை மனதிலை வைச்சு, இவர் வேணுமெண்டு குதிச்சவராம். இப்ப இவரை மறியலிலை அடைச்சு வைச்சிருக்கினம்.

டொக்டர்: நீதவான் கேப்பாரல்லோ, விடியக்காலமை, அவ்வளவு உயரத்திலை, ஆரும் நித்திரை கொள்ளுவினமோ எண்டு...

மீனாம்பிகை: அதுக்குத்தானே உங்களிட்டை வந்தனான்! ஐஞ்சு வருசத்துக்கு முந்தி, இருபத்தாறிலை, ஒரு காய்ச்சல் வந்து மூண்டு கிழமை கண் முழிக்கேல்லை. அதோடை எல்லாம் தலைகீழ். பகலிலை சோத்துக் கோப்பைக்கு முன்னாலையே தூங்கி விழுவார். ராவிலை கொட்டக் கொட்ட முழிப்பு. சித்திரை வெயிலுக்கை குளிருதெண்டு போர்வை கேப்பார்... ராவிலை உடம்பு கொதிக்கும்.

டொக்டர்: ம்... மூளைக்கு அடியிலை, புளியங்கொட்டை அளவிலை ஒரு இடம் இருக்கு. விடிஞ்சால் எழுப்பிறது, பொழுதுபட்டால் படுக்க வைக்கிறது, உடம்புச் சூட்டை ஒரு அளவிலை வைச்சிருக்கிறது, எல்லாம் அதுதான். ஹைப்போதலமஸ் எண்டு பேர்.

மீனாம்பிகை: அந்தப் பேர் என்ரை வாயுக்கை நுழையாது. அது பழுதாப் போனால்?

டொக்டர்: ஆள் எவ்வளவு மல்லுக்கட்டினாலும் நித்திரை அமத்திப்போடும். அந்தக் காய்ச்சல் அந்த இடத்தைத்தான் தின்னுறது. வேலைக்குப் பஞ்சிப்படுறதும் இல்லை, கள்ளமும் இல்லை. அதுதான் அந்த இடக்கண் மடலும் அப்பிடித் தொங்கிக்கொண்டு...

மீனாம்பிகை: ஐயா.

டொக்டர்: என்ன?

மீனாம்பிகை: நான் கண்ணைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லையே.

டொக்டர்: ...உந்த வருத்தக்காரருக்கு அப்பிடித்தான்.

மீனாம்பிகை: எல்லாருக்கும் இடக்கண்ணோ? போன கார்த்திகையிலை இதே வாங்கிலைதான் அவரைக் கொண்டந்து இருத்தினனான். வருத்தம் ஒண்டும் இல்லை, வெறும் பஞ்சி எண்டு சிரிச்சுப்போட்டு, வேலை செய்யலாமெண்டு துண்டும் தந்தனீங்கள்.

டொக்டர்: மெல்லக் கதையும்! ...அப்ப எனக்குத் தெரியாது, பிள்ளை. சீமையிலையிருந்து அந்தப் புத்தகம் போன மாதந்தான் வந்தது.

மீனாம்பிகை: தெரிஞ்ச பிறகும் பாக்காத ஆள் எண்டீங்களே!

டொக்டர்: பயம்... வேறை என்ன? என்ரை உத்தியோகம், என்ரை பேர்... சரி, எழுதுறன். இவரைப் பாத்தனான் எண்டே எழுதுறன். அந்தப் பழைய துண்டை மட்டும் தாரும்.

மீனாம்பிகை: இந்தாங்கோ. இடுப்பிலை கொட்டைப்பெட்டிக்கை மடிச்சு வைச்சிருக்கிறன்.

டொக்டர்: இதை விதானையாருக்குக் காட்டியிருந்தால் பழி முழுக்க என்ரை தலையிலை. ஏன் பிள்ளை ஒளிச்சு வைச்சனீர்? என்னைக் காப்பாத்தவோ?

மீனாம்பிகை: உங்களையோ? ...இறைப்பு முறைக்கு ஆள் விடாட்டில் எங்கடை தண்ணிப் பங்கு போயிடும், ஐயா. தோட்டத்திலை புகையிலை தண்ணியில்லாமல் வாடி நிண்டது. நித்திரை அமத்துது, என்னாலை ஏலாது எண்டு அண்டைக்கு விடிய அவர் என்ரை கையைப் பிடிச்சு அழுதவர். நான்தான் உந்தத் துண்டைக் காட்டி அவரைத் துலாவிலை ஏத்தினனான்.