டிரைவர் தேடிய நான்கு ஞாயிறுகள்

கடைக்கார அம்மாள் இபு வெனிங் டீயில் சர்க்கரையைத் தாராளமாகப் போடுவார், பாக் குஸ்னாடி. அப்படிப்பட்ட கை உள்ளவர்கள் கெட்டவர்களாக இருந்து நான் பார்த்ததில்லை. தெருத் தலைவர் என்ற முறையில் நீங்கள் நடந்ததைக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஒளிக்க என்ன இருக்கிறது.

இந்த இணையக் கடையில் எட்டுக் கணினிகள். தைவானில் ஆறு வருடம் அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் தேய்த்து அவர் வாங்கிப் போட்டவை. வெளியிலிருந்து வரும் இணைப்பு முதலில் வாசலோரக் கணினிக்கு வரும், அங்கிருந்துதான் மற்ற ஏழுக்கும் போகும். அதன் நெட்வொர்க் கார்டு படுத்தால் கடையே படுத்துவிடும். மே மாதம் இடி விழுந்து அந்தக் கார்டு கருகியது. அதற்கு நான் பொறுப்பில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

வேறு கார்டு மாட்டினேன். ஆனால் அதனிடம் எப்படிப் பேசுவது என்று கணினிக்குத் தெரிய வேண்டுமே, அதற்குச் சரியான டிரைவர் மென்பொருள் வேண்டும். டிரைவர் இணையத்தில் இருக்கிறது. இணையம் வர டிரைவர் வேண்டும். இந்தக் கூத்தில் மூன்று நாள் போயிற்று. நான் நேர்மையாகத் தேடிய மூன்று நாள் அவை. திரையில் மஞ்சள் கேள்விக்குறி முறைத்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் சுடச்சுட சோயா டெம்பே வறுவல் வரும். டீ வரும். "மொங்கோ, மாஸ் மர்கோனோ, குடிங்க" என்பார். அந்த மொங்கோ என்ற உபசாரச் சொல் வராமல் நம் ஜாவாவில் யார் கோப்பையைத் தொடுவார்கள்? முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தைவான் கிழவி ஒருத்தி தன்னைத் தூங்கவிடாமல் சீட்டாட வைத்த கதையைச் சொல்வார். நான் சந்தோஷமாக இருந்தேன். நாற்பத்தேழு வயதில் மூன்று நாள் தொடர்ந்து சந்தோஷமாக இருந்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் மாலை டிரைவர் கிடைத்துத் தொலைத்தது. வீட்டுக்குப் போய்ப் பழைய சோற்றைத் தின்றேன்.

இரண்டு வாரம் கழித்து, கார்டில் தூசி அடைந்திருக்கும், துடைத்துத் தருகிறேன் என்று போனேன். துடைத்ததில் அது வேலை செய்யாமல் போய்விட்டது. அந்த முறை நான்கு நாள். கூலியாக ஒரு ரூபியாகூட நான் வாங்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கூலி வாங்குகிறவனை அனுப்பிவிடலாம். வாங்காதவனை எப்படிப் போகச் சொல்வது? சாப்பாடுதான் போட முடியும். நான் தேடிக்கொண்டிருக்கும்போது வேறொரு ஆளைக் கூப்பிட்டால் அது என் முகத்தில் கரி பூசுவது போல. இபு வெனிங் அதைச் செய்கிறவர் இல்லை. நம் ஊரில் யார்தான் செய்வார்கள்?

மூன்றாவது முறைக்குக் கொஞ்சம் யோசித்தேன். செமாரங்கில் பழைய சாமான் கடையில், யாரும் கேள்விப்படாத கார்டு ஒன்று கிடைத்தது. கூடவே அதன் டிரைவர் சிடியும். கார்டின் நடுவில் இருக்கும் கறுப்புச் சில்லில் ஓர் எண் இருக்கும், அதை வைத்துத்தான் எல்லோரும் டிரைவர் தேடுவார்கள். அதன்மேல் வேறோர் எண்ணை அச்சடித்து ஒட்டினேன். மிகச் சின்ன ஸ்டிக்கர். ஓரம் வெட்டுவதற்குள் கண் பூத்துவிட்டது. பழைய கார்டு போய்விட்டது என்று சொல்லி, வாசலோரக் கணினியில் இதை மாட்டினேன்.

பிறகு தேடினேன். தேடவில்லை என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். என் சட்டைப் பையில் இருந்த சிடியைத் தவிர எல்லா இடத்திலும் தேடினேன்.

"பேசாம புது கார்டே வாங்கிடலாமா, மாஸ்?" என்று அவர் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். அதற்கும் டிரைவர் தேட வேண்டுமே என்றேன். அது பொய்யில்லை. எனக்கு உதவலாம் என்று அந்தப் பொய் எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு இரண்டு முறை பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போனார். அங்கிருந்து இறக்கி வந்த டிரைவர் சேரவில்லை, எப்படிச் சேரும்? தான்தான் தப்பாக எடுத்து வந்துவிட்டோம் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் மன்னித்துவிட்டேன்.

தார்மினைப் பற்றிக் கேட்கிறீர்கள். வருகிறேன்.

அவருக்குக் காது அறவே கேட்காது. அவர் மனைவி லாஸ்மி ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்கிறாள். போனில் பேச வழியில்லை, அதனால் ஞாயிறுதோறும் இங்கே வந்து திரையில் அவள் உதட்டைப் பார்த்துப் பேசுவார். தலைக்கு எண்ணெய், மேலுக்குப் பத்திக் சட்டை, மாப்பிள்ளை மாதிரி வருவார். இன்னும் இரண்டு வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா, ஊருக்கு வந்துவிடட்டுமா என்று அவள் கேட்டிருக்கிறாள். யோசித்து அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்றிருக்கிறார். அந்த அடுத்த ஞாயிறுதான் என் ஸ்டிக்கரின் முதல் ஞாயிறு.

பக்கத்து ஊர்க் கடையில் முகம் பார்த்துப் பேசக் காமிரா கிடையாது. குறுஞ்செய்தி அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். அவருக்கு எழுதத் தெரியாது. பெண்டாட்டியைத் திரும்பி வரச் சொல்வதை அடுத்தவன் விரலால் தட்டச் சொல்ல எந்த ஆம்பிளைக்குத்தான் கூசாது?

நான்கு ஞாயிறும் வந்தார். சீக்கிரம் கிடைக்கட்டும் என்று எனக்கு ஸலாக் பழம் கொண்டுவந்தார். நல்ல இனிப்பு. நான்காவது ஞாயிறு காலையில் கடை அதிரப் பேசினார், காது கேளாதவர்களுக்குக் குரலை அடக்கத் தெரியாதல்லவா.

"மாஸ், இன்னிக்குக் கடைசி நாளு. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுருவா. வந்துடு லாஸ்மின்னு சொல்லணும். அவ்வளவுதான். அரை நிமிஷம் போதும் மாஸ்."

சிடி பையில்தான் இருந்தது. போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் அவள் முகம் வந்திருக்கும். ஏன் போடவில்லை என்றால், அன்று விடியற்காலையிலேயே இபு வெனிங் பலாக்காய் குடெக் அடுப்பில் ஏற்றியிருந்தார். குடெக் அவசரத்தில் வேகிற பண்டமில்லை என்பது உங்களுக்கும் தெரியும். சாயங்காலம் ஆகும். வேலை முடிந்த பிறகு நான் எந்த முகத்தோடு சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பது? அதனால் அவருக்குப் புரியும்படி உதட்டைப் பெரிதாக அசைத்து, அடுத்த வாரம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். குடெக் அருமையாக இருந்தது.

அவர் பதில் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு லாஸ்மி கையெழுத்துப் போட்டுவிட்டாள். இரண்டு வருடம் ஓடிப்போகும், பாக். வரும்போது கொஞ்சம் காசோடுதானே வருவாள். ஒருவகையில் நல்லதுதான்.

வியாழக்கிழமை ஒரு கல்யாணத்துக்காக இபு வெனிங் சாலத்திகா போனாராம். அங்கே கடையில் காட்டிக் கேட்டால் எனக்கு ஒத்தாசையாக இருக்குமே என்று கார்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். கடைக்காரன் நகத்தால் ஸ்டிக்கரைக் கிளப்பிவிட்டான். ஆமாம், நான்தான் ஒட்டினேன். இதோ சிடி, வைத்துக்கொள்ளுங்கள்.

இபு வெனிங் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். கோபம் இருக்காது. இருந்தால் எனக்கும் சேர்த்து டீ வைத்திருப்பாரா? உங்களிடம் மொங்கோ சொன்னார், நீங்கள் குடித்தும் முடித்துவிட்டீர்கள். என்னிடம் சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது. சொல்லாமல் எடுத்துக் குடிக்க நான் என்ன மரியாதை தெரியாதவனா? ஆறினாலும் பரவாயில்லை, சர்க்கரை போட்ட டீதானே. நீங்கள் கிளம்புங்கள் பாக், அவர் சொல்லும்வரை நான் இருக்கிறேன்.