தாமஸோடு பேசும் கணவர்

சாயங்காலம் வைட்ஃபீல்டிலிருந்து திரும்பும் மெட்ரோவில், ஒரே ஆபீஸ் ஐடி கார்டு மாட்டிய இரண்டு பெண்கள் என் பக்கத்தில் நின்றிருந்தார்கள். மூத்தவள் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டிருந்தப்பவே தேவலாம் போல இருக்கு, கலா."

"என்னக்கா இது? விட்டுட்டாருன்னு சந்தோஷப்பட்டீங்களே."

"வருஷக்கணக்கா நான் அழுதேன், கேக்கல. குடியை விட்டவங்க கூடற மீட்டிங்ல தாமஸ்னு ஒருத்தர் சொன்னாரு, உடனே கேட்டுட்டாரு. 'திடீர்னு நீயா நிறுத்தாத, ஃபிட்ஸ் வரலாம்'னு தாமஸே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. இப்பவும் குடிக்கணும்னு தோணினா தாமஸுக்குத்தான் போன். பால்கனியில நின்னு பேசறாரு, சிரிக்கறாரு. என்கிட்ட அப்படி ஒரு நாளும் சிரிச்சதில்ல. எனக்கு வயிறு எரியுது."

"அந்த அண்ணனும் குடிச்சவரா?"

"ஆமா. அதனால அவருக்குத்தான் புரியுமாம், எனக்குப் புரியாதாம்."

கலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியே சொன்னாள்:

"எனக்கு உங்களைப் பார்த்தாத்தான் பொறாமையா இருக்குக்கா. எங்க வீட்ல இன்னும் குடிச்சிட்டுத்தான் இருக்காரு. அந்த அண்ணன் நம்பர் குடுக்கறீங்களா?"

அக்கா பையைத் துழாவிப் போனை எடுத்தாள்.

"காலையில பண்ணு. சாயங்காலம்னா எங்க வீட்டுக்காரர்தான் லைன்ல இருப்பாரு."