பதினொரு ஓம்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் ஆற்றுக்கு மேலே தொங்கியபடி போகும் ரயிலில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும்.

"நேற்று உங்கட அக்காவுக்குப் போனிலை பதினொரு தரம் ஓம் சொன்னீங்கள். நான் எண்ணினனான்," என்றார் மனைவி.

"அது கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்ட ஓம்."

"கடைசி ஓம்?"

"போனை வைக்கிறதுக்கு."

"அந்த ஓமுக்குத்தான் அவ ரொறொன்ரோவிலை மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி, மண்டபமும் பிடிச்சிட்டா. எங்கட பிள்ளைக்கு இன்னும் ஒண்டும் தெரியாது. அவளின்ரை தாதிப் படிப்பு, அந்த அவுஸ்பில்டுங் முடியவே ஒரு வருசம் கிடக்கு."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அக்காவுக்கு ஏலாது எண்டு எப்பிடியப்பா சொல்லுறது?"

அப்போது அவருடைய போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

"அவதானே? தாங்கோ, நான் சொல்லுறன்." மனைவி போனைப் பறித்துக் காதில் வைத்தார். "மச்சாள், இந்தக் கலியாணம்..."

மறுமுனையில் குரல் உயர்ந்தது. எனக்கே கேட்டது.

"ஓம் மச்சாள்," என்றார் மனைவி. "ஓம்... ஓம் மச்சாள்."

கணவர் விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். நான் இறங்கும்போது இரண்டாவது கைக்கு வந்திருந்தார்.