எண்ணெய் படாத பரங்கிக்காய்

— மறுபடியும் பரங்கிக்காயா, சந்திரா?

— கீரையும் இருக்குங்க. மஞ்சளும் பச்சையுமா சாப்பிட்டா மாலைக்கண் தெளியும்னு ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர்தானே சொன்னாரு?

— சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்கு செத்துப்போச்சு. கண்ணு மட்டும் அப்படியே இருக்கு.

— இன்னிக்கும் போனீங்களே, என்னவாம்?

— உன்னைப் பத்தித்தான் கேட்டாரு. வீட்டுக்காரம்மா எப்படிச் சமைக்கிறாங்கன்னு. தண்ணியில வேகவச்சு உப்புப் போடுவா, அவ்வளவுதான்னேன். எண்ணெய் எவ்வளவு ஊத்துவாங்கன்னாரு. காமாலை வந்ததுலேருந்து எங்க வீட்டுல எண்ணெய்ப் போத்தலே கிடையாதுன்னேன். மனுசன் சிரிச்சிட்டாரு.

— சிரிக்க என்ன இருக்கு? நீங்க மஞ்சளாக் கிடந்த கிடப்பை அவரா பார்த்தாரு? எண்ணெய், தேங்காப்பால், முட்டை, மீன் எதுவும் ஆகாதுன்னு மருந்து குடுத்தவரு சொல்லலையா?

— ரெண்டு மாசத்துக்குச் சொன்னாரு. நீ ஒன்றரை வருசமா நடத்துற.

— பயம்ங்க. நான் மட்டும் பொரிச்சுத் தின்னேனா? உங்க தட்டுல இல்லாதது என் தட்டுலயும் இல்லையே.

— அட, உன்னைக் குத்தம் சொல்லல. கேளேன். இந்தப் பரங்கிக்காயோட மஞ்சச் சத்து தண்ணியில கரையாதாம், எண்ணெயிலதான் கரையுமாம். நம்ம குடலை பஸ் ஸ்டாண்டுன்னு வச்சுக்க. சத்து வந்து நிக்குது. எண்ணெய்தான் பஸ்ஸு. அதுல ஏறினாத்தான் ரத்தத்துக்குப் போகும், அப்புறம் கண்ணுக்கு. பஸ் வரலைன்னா, அப்படியே கீழ இறங்கிப் போயிரும்.

— சீ, சாப்பிடுற நேரத்துல.

— டிரைவர்கிட்ட கேட்டா பஸ்ஸைத்தான் சொல்லுவேன்.

— அப்போ… இத்தனை நாளா நான் ஆக்கிப் போட்டது?

— பஸ் ஸ்டாண்டுலயே நின்னுச்சு.

— கேலி பண்ணாதீங்க. விடிஞ்சதும் பாசாருக்கு ஓடி, காய் கீரை வாங்கி, ஆய்ஞ்சு, நறுக்கி… உங்க வேலை போயிரக் கூடாதுன்னுதானே எல்லாம்.

— அழாத. மெர்டேக்கா சுதந்திர நாள் வரைக்கும் பொறுக்கிறேன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு. அன்னிக்கு ராத்திரி கொண்டாட்டத்துக்கு ஆளுங்களை ஏத்திக்கிட்டு பண்டார் ஹிலிருக்கு நான் பஸ் எடுக்கணும். முடியலைன்னா வண்டி கழுவுற வேலைதான். எண்ணெய் சேர்த்துப் பார்ப்போம்.

— இருங்க, பக்கத்து வீட்டுல கேக்குறேன். ஹலீமாக்கா! கொஞ்சம் தேங்காயெண்ணெய் இருக்குமா?

— சந்திராவா கேக்குறது? உங்க வீட்டுக்கு எண்ணெயா! அல்லாவே, மழைதான் வரப்போகுது. கொண்டாறேன் இரு, புள்ள.

— சந்திரா, முதல்ல விளக்கை ஏத்து. உன் மூஞ்சியே தெரியல.

— தீப்பெட்டியைத்தான் தேடுறேன். இங்கதான் வச்சேன், கையில அகப்பட மாட்டேங்குது.

— மெதுவா. அடுப்புல இடிச்சுக்காத.

— இப்பல்லாம் சீக்கிரமே இருட்டிருதுங்க.

— கருணாகரண்ணே, நல்லா இருக்கீங்களா? இந்தா புள்ள, எண்ணெய். பையப் பையத் திருப்பிக் குடு, அவசரமில்ல. எங்க வூட்டுப் பயலுவள கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போச்சு, வெளிச்சம் இருக்கே இருக்கேன்னு இன்னும் ரோட்டுல பந்து விளையாடுறானுவ… ஏன் புள்ள, நான் வாசப்படியில நிக்கிறேன், நீ சுவத்தைப் பார்த்துக் கையை நீட்டுற?