ஓக் மரத்தடிப் பாதையில் ஆள் இருந்தது பற்றி

இல்லை, மனிதர்களை வெறுக்கிறேன் என்று எழுத வேண்டாம். வெறுத்தேன் என்றும் வேண்டாம். முதலில் பெயரை எழுதுங்கள். காட்டில் எனக்கு மரநாய் என்று பெயர். பிறப்புச் சான்றிதழில் வீப்கே லோரென்சன். வயது இருபத்து நான்கு. சொந்த ஊர் ஹூசும். பல்கலைக்கழகத்தில் மண்ணியல் படித்து, முடிக்காமல் விட்டவள். சென்ற செவ்வாய் வரை முகவரி எல்ஸ்பாகர் காடு, பெரிய ஓக் மரம், மேல் பலகை.

முன்பு இருமுறை கைதானபோது நான் பெயர் சொல்லவில்லை. ரேகை விழாதபடி விரல் நுனிகளில் பசை தடவியிருந்தேன். காட்டில் எல்லோரும் அப்படித்தான். போலீசிடம் பெயர் சொன்னவருக்குக் காட்டில் இடமில்லை என்பது எங்கள் விதி. இன்று என்னை யாரும் பிடித்து வரவில்லை. நானே வந்தேன்.

திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் காட்டைத் தெற்கிலிருந்து தின்று வருகிறது. ஒரு விரற்கடை மண் உருவாக நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று எனக்கு வகுப்பில் சொன்னார்கள். அது தோண்டும் இயந்திரத்தின் ஒரே வாளியில் போவதைச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தேன். யார் எடுக்கிறார்கள் என்று கேட்டேன். நிறுவனம் அரசைச் சொன்னது, அரசு மின்சாரம் கேட்கும் மக்களைச் சொன்னது. என் அறையிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எடுப்பவருக்கு முகம் இல்லாததால் எல்லா முகங்கள் மீதும் கோபம் வந்தது, என் முகம் உட்பட. ஏன் இவ்வளவு காழ்ப்பு என்று காவல் ஆய்வாளர் கொனெர்ட் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

அதன் பிறகு காட்டுக்கு வந்தேன். எங்களில் மூத்தவர் ஆந்தை. மனிதன் பூமியின் நோய் என்பது அவர் கட்சி. சாப்பிடும்போது தேநீர்க் குவளையைத் தூக்கி, "மனுஷனே இல்லாத பூமிக்காக!" என்பார். பாசி என்ற பெண் ஒருமுறை, "அப்போ இந்தப் பாத்திரத்த யாருண்ணே கழுவுறது?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். ஆந்தையும் சிரித்தார். நானும் அவர் கட்சிதான். மறைக்கவில்லை.

ஓக் மரத்தடியில் சுரங்கப்பாதை தோண்டினோம். அதன் கோட்டை வகுத்தவள் நான். எங்கே களிமண், எங்கே மணல், எங்கே கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே ஆள் இருந்தால் மேலே மரம் வெட்டும் இயந்திரம் ஏறாது. அவ்வளவுதான் ஏற்பாடு. மனித உயிர் பெரிதல்ல என்று பேசிய எங்களிடம் இருந்த ஒரே அரண் மனித உயிர்தான். இதை அப்போது நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

மழையில் மண் இளகியதால் யாரும் உள்ளே இறங்குவதில்லை என்று முடிவு செய்தோம். ஆனால் ஆள் இருப்பதாகவே சொல்வது என்றும் முடிவு செய்தோம்.

சென்ற செவ்வாய் காலை இயந்திரங்கள் வந்தன. "கீழ ஆள் இருக்கு!" என்று கத்தியவள் நான். வேறு யாரும் அல்ல. இயந்திரங்கள் நின்றன. நாங்கள் கைதட்டினோம். அதன் பிறகு தீயணைப்புப் படை வந்தது. உள்ளூர்த் தொண்டர்கள். அவர்களில் ஹென்னிங் ட்ரப் என்பவர் முன்வாய் வழியாகப் பாதைக்குள் ஊர்ந்து போனார். பழைய கார் வாங்கி விற்பவர் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அவர் தேடிப் போன ஆள் கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

உண்மையைச் சொன்னால் ஓக் மரம் போய்விடும். சொல்லாவிட்டால் அவர் உயிர் போகலாம். நான் ஆந்தையைப் பார்த்தேன். அவர் இரு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்தார். கூட்டங்களில் அதற்கு மறுப்பு என்று பொருள்.

அதன் பிறகு சமையல் குடிசைக்குள் போய், தரைப்பலகையைத் தூக்கி, எங்களுக்கு மட்டும் தெரிந்த பின்வாய் வழியாக உள்ளே இறங்கினேன். எனக்கு வெளியேற வேறு வழி உண்டு என்று நானே சொல்லக் கேட்டால் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். நடுவில் மணல் சரிந்து பாதி அடைத்திருந்தது. அந்தப் பக்கம் அவருடைய விளக்கு தெரிந்தது.

"யாரும்மா அது? பேரு என்ன?"

"பேரெல்லாம் கெடையாது. நீங்க வெளிய போங்க. நான் பின்னால இருக்குற வழியா போய்க்கிறேன்."

"மொதல்ல நீ போ. அப்புறம் நான்."

"கட்ட முனகுது, கேக்கலயா?"

"கேக்குது."

"மேல உங்க தலைவர் திரும்பி வரச் சொல்லிக் கத்துறாரு."

"அது மட்டும் கேக்கல."

எனக்குக் கோபம் வந்தது. "பூமியில மனுஷங்க கோடிக்கணக்குல கெடக்குறாங்க. ஒண்ணு கொறஞ்சா யாருக்கும் நஷ்டமில்ல," என்றேன்.

"சரி. ஆனா செத்தா அறிக்கை எழுதுறது எங்க தலைவரு. அவர் கிறுக்கலப் பாத்தா செத்த நீயே எந்திரிச்சு ஓடிருவ. கெளம்பு."

நான் சிரித்துவிட்டேன். மண் வாய்க்குள் போனது.

"வெளிய போனதும் இந்தக் காத்துக் குழாயில தட்டு. சத்தம் கேக்காம நான் நகரமாட்டேன்," என்றார். நான் நகர்ந்தேன். வெளியே வந்து, முட்புதருக்குள் நீட்டிக்கொண்டிருந்த குழாயில் கல்லால் தட்டினேன். அவர் முன்வாய் வழியாக வெளியேறினார். பின்னாலேயே பாதை இடிந்தது. அடையாளம் தெரியாமலிருக்க முகச்சாயம் பூசிய எங்கள் கூட்டத்தில் நான் கலந்துவிட்டேன். கீழே இனி யாரும் இல்லை என்று அவர் சொன்னதும் இயந்திரங்கள் புறப்பட்டன. மதியத்துக்குள் ஓக் மரம் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ட்ரப் பேசியதாகச் சொன்ன பெண்ணை வேறு யாரும் காணவில்லை, ஆகவே உள்ளே ஆளே இல்லை, அவர் தலைவரின் உத்தரவை மீறி வெறும் பிரமைக்காகக் குழுவை ஆபத்தில் வைத்தார், எனவே படையிலிருந்து நீக்கப்படுவார் என்று நேற்று செய்தித்தாளில் படித்தேன். ஆந்தையிடம் காட்டினேன்.

"கார் விக்கிறவனுக்காக உன் பேரக் குடுக்கப் போறியா?"

"ஆமா."

"அப்புறம் இங்க வராத."

"வருவேன். நீங்க தொரத்துங்க, பாப்போம்."

பாசி தன் சுத்தமான கம்பளிச் சட்டையைக் கொடுத்தாள்.

பெயர் இல்லாத ஆள் உங்கள் கோப்பில் ஆள் இல்லை. ஆகவே பெயரைக் கொடுத்திருக்கிறேன். ஆள் இருந்தது. அது நான். ட்ரப் உள்ளே நின்றது சரி. பொய்யாகக் கத்தியதற்கான வழக்கை என் மீது போடுங்கள். கீழே இன்னும் ஆள் இருப்பதாகச் சொல்லி அவர் ஓக் மரத்தைக் காப்பாற்றியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவர் மீது எனக்கு வருத்தம் உண்டு. மரியாதையும் உண்டு.

இதுவரை சொன்னவை நான் கண்டதும் செய்ததும். யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லித்தரவில்லை. வருந்துகிறேன் என்ற சொல்லைக் கடைசியில் சேர்க்கலாமா என்று ஆய்வாளர் கேட்டார். பாதை தோண்டியதற்காகவும் மரத்தில் குடியிருந்ததற்காகவும் நான் வருந்தவில்லை. சேர்க்க வேண்டாம்.

(ஒப்பம்) வீப்கே லோரென்சன்

குறிப்பு: வாக்குமூலம் வாசித்துக் காட்டப்பட்டது. திருத்தம் எதுவும் கேட்கவில்லை. நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு, தீயணைப்பு நிலையத்துக்கு வழி விசாரித்து, மழையில் நடந்து சென்றார்.

— ஆய்வாளர் கொனெர்ட்